முதல் வரியில் ஒரு சொல்

பருவம் முடிகிற ஒக்டோபர் கடைசியில் என் தொலைபேசி அடித்தால், எதற்கென்று எடுக்காமலே எனக்குத் தெரியும். நான் வேலை செய்த கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியிலிருந்து யாராவது கேட்பார்கள்: "மகேன், அடுத்த வருடம் எங்கள் தாக்குதல் தேறுமா?" நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. என் முழங்கால்கள் இரண்டும் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டன. ஆனாலும் கேட்கிறார்கள். பதினெட்டு வருடம் அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்தவன் என்பதால், நாளைக்கு மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்கிறார்கள்.

இந்த ஒக்டோபரில் நான் பதில் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் நடத்துகிற சஞ்சிகைக்கு வேலை அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டு மூன்று மாதமாகிறது. பனிக்காலத்தில் உறைந்த குழாய், பூட்டுக்குள் முறிந்த திறப்பு என்று சிரிக்கக்கூடியதாக ஏதாவது எழுதுவோம் என்று இருந்தேன். இப்போது அதற்கு மனம் வரவில்லை. ஏன் காய்ச்சல் என்று பொய் சொன்னேன் என்பதையே எழுதுகிறேன்.

நான் இங்கே வந்த கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. முகாம், மொழி வகுப்பு, உணவகத்தில் கோப்பை கழுவல், பிறகு இந்தக் கல்லூரியில் வக்ட்மெஸ்தர் வேலை. அதாவது கட்டடத்தையும் மைதானத்தையும் பார்த்துக்கொள்கிறவன். மின்குமிழ் மாற்றுவேன், பனி வழிப்பேன், உடைமாற்றும் அறையின் தண்ணீர்க் குழாய்களோடு சண்டை பிடிப்பேன். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யாருக்கு என்ன?

ஒருநாள் மைதானத்து ஓரத்தில் பனி வழித்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு அணியின் பயிற்சியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். டூரில் என்ற பெயருடைய பயிற்சியாளர் நேரே என்னிடம் வந்தார். உயரமான மனுஷி, கல்லூரியில் உடற்கல்வி படிப்பிக்கிறவர். வேலையைப் பார் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "என்ன பார்க்கிறாய்?" என்றார். எனக்கு இருந்த நோர்வேஜிய மொழியில், உங்கள் பிள்ளைகள் பந்தை நன்றாகத்தான் கொண்டு போகிறார்கள், ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் தொலைக்கிறார்கள் என்றேன். "எந்த இடம்?" நான் நடந்து போய் பனி மண்வெட்டியை அந்த இடத்தில் குத்தி நிறுத்தினேன். அடுத்த கிழமை அவர் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் இரண்டு பென்சிலும் கொண்டுவந்து தந்தார். அதற்குப் பிறகு நான் பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போனதும், தாக்குதல் பயிற்சியாளர் என்று பெயர் வாங்கியதும் உண்டு. ஆனால் வேலை கிடைத்தது அந்த மண்வெட்டியால்தான்.

என் முறை இதுதான். ஒவ்வொரு தாளிலும் எதிரணியின் பாதி மைதானத்தைக் கோடு போட்டு வைத்திருப்பேன். ஆட்டத்தின்போது எதிரணிக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பேன். பேனா குளிரில் எழுதாது, அதனால் பென்சில். எங்கள் தாக்குதல் ஒன்று எந்த இடத்தில் முடிந்துபோகிறதோ அந்த இடத்தில் ஒரு சிலுவை. பக்கத்தில், கடைசியாகப் பந்தைத் தொட்ட எங்கள் பிள்ளையின் இலக்கம். இரண்டாம் பாதி ஆட்டத்துக்கு மற்றக் கரைக்கு நடந்து போய் வேறு தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பந்து ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வருகிறது, அல்லது தலைக்கு மேலால் வருகிறது. அவள் எட்டிக் காலை நீட்டித் தொட்டுவிட்டு இழந்துவிடுகிறாள். சிலுவை அவளுடைய பெயரில் விழும். பிழை அவளுடையது அல்ல. அதனால் அப்படியான சிலுவையிலிருந்து, பந்தைப் பிழையாக அனுப்பியவளை நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, அவளுடைய இலக்கத்தை எழுதத் தொடங்கினேன். டூரில் அந்த அம்புகளைப் பார்த்துவிட்டு, "இது நல்லது, மகேன்" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் வாய்விட்டு என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். நான் அதை வீட்டில் போய் இரண்டு முறை சொன்னேன்.

டூரில் சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் குனிந்து, சரியாகவே இருக்கிற சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவார். பிள்ளைகள் அதைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு யாரையும் திட்டினதை நான் கண்டதில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நான் உளறிக்கொட்டிய நாட்கள் உண்டு.

பருவம் முடிந்ததும் நான் அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் தாக்குதல் தேறுமா? முதல் வரியில் ஒரு சொல் மட்டும்: ஆம், இல்லை, அல்லது 'வெட் இக்கெ'. தெரியாது என்று அர்த்தம். காரணங்கள் அதற்குக் கீழே. கடைசிக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாஃபிள் சுட்டுக் கொடுத்து, என் பக்கத்தின் அந்த முதல் சொல்லை மட்டும் டூரில் சத்தமாக வாசிப்பார். பிள்ளைகள் மேசையில் தட்டுவார்கள். முதல் வருடமே அவர் என்னிடம் சொன்னார்: "மூன்றாவது சொல்லும் பதில்தான். தெரியாவிட்டால் அதை எழுது."

நான் ஒரு வருடமும் அதை எழுதவில்லை. நோர்வேக்காரர் ஒருவர் தெரியாது என்று சொன்னால் நேர்மையான மனிதர் என்பார்கள். நான் சொன்னால், இவனுக்கு ஒன்றும் தெரியாது, மண்வெட்டியையே திரும்பக் கொடுங்கள் என்று ஆகிவிடும். யாரும் அப்படி என்னிடம் சொன்னதில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருடமும் ஆம், இல்லை என்றுதான் எழுதினேன்.

ஆரணி அணிக்கு வந்தது நான் அந்த வேலையில் நன்றாக ஊறிய பிறகு. ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கட்டடத்தில் இருக்கிற பாலனின் மகள். இங்கே பிறந்தவள், கல்லூரியில் தாதியர் படிப்பு. நல்ல ஓட்டம். தேர்வில் என்னிடம் யாரும் கேட்கவில்லை, டூரில்தான் எடுத்தார். அன்று பின்னேரமே பாலன் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, எங்கட பிள்ளை. ஒருக்கால் பாத்துக் கொள்ளுங்கோ."

"டூரில்தான் எல்லாம் பாக்கிறது, பாலன்."

"அது தெரியும். நான் சொல்லுறது, முதல் பதினொரு பேருக்குள்ளை நிண்டா விளையாடட்டும். வாங்கிலை குந்திக்கொண்டிருக்கிறதெண்டா வேண்டாம், அவளுக்குப் படிக்க நிறையக் கிடக்கு. அவளும் ஓமெண்டு சொல்லியிருக்கிறாள்."

அப்படியாக, அவளுக்கு அணியில் இடம் போனால் ஆட்டமே போய்விடும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் பயிற்சியில் அவள் எல்லோருக்கும் முன்னால், "மாமா, நான் எங்கை நிக்கிறது?" என்று கேட்டாள். அந்தச் சொல் என்ன என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். அவள் விளக்கினாள். அணித்தலைவி ஸில்யே நடுக்களத்தில் எட்டாம் இலக்கம், எல்லோருக்கும் பிடித்தவள், வாய் சும்மா இராது. "இனி மகேனின் குடும்பம் முன்னால் நிற்கும், நாங்கள் பின்னால்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அதை ஐந்து நிமிடத்தில் மறந்திருப்பாள். எனக்கு அது முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

பயிற்சி முடிந்ததும் பந்துகள் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் ஆரணியை நிறுத்தினேன்.

"இஞ்சை என்னை மாமா எண்டு கூப்பிடாதை. எல்லாரையும் போல மகேன் எண்டு கூப்பிடு."

"மகேனோ? அம்மா கேட்டா அடிப்பா."

"அம்மா மைதானத்துக்கு வரமாட்டா. மைதானத்துக் கதையெண்டா மகேன். வெளியிலை மாமா. சரியோ?"

"சரி... மகேன்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினோராம் இலக்கச் சட்டையை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அந்தப் பருவம் நாங்கள் கோலே அடிக்கவில்லை என்று சொல்லலாம். பந்து நடுக்களம் தாண்டும், ஆரணி ஓடுவாள், அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். லில்லெஸ்ட்ரோமில் நடந்த ஆட்டம் ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நல்ல மழை. தாளின் மேல் பொலித்தீன் உறை போட்டு, அதற்குள் கையை விட்டு எழுதிக்கொண்டு நிற்கிறேன். ஆரணி மூன்று முறை எதிரணித் தடுப்புக்காரிகளுக்கு இடையால் ஓடி வந்தாள். மூன்று முறையும் பந்து அவளிடம் போய்ச் சேர்ந்து, அவளிடமே தொலைந்தது. மூன்றாவது முறை செயற்கைப் புல்லில் சறுக்கி விழுந்தாள். எழும்பும்போது நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தாள். பத்து மீற்றர் தூரம்கூட இல்லை.

"மகேன், அது என்ர பிழையோ?"

நான் தாளைக் குனிந்து பார்த்தேன். "விளையாடு" என்றேன்.

பருவம் முடிந்து என் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது, பதினொன்று என்று இலக்கம் போட்ட சிலுவைகள் தாள்களை நிறைத்திருந்தன. முதல் வரியில் 'ஆம்' என்று எழுதினேன். கீழே, பதினோராம் இலக்கத்தை மாற்றினால் தாக்குதல் தேறும், மாற்றாவிட்டால் தேறாது என்று எழுதினேன். ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

டூரில் தன் அறையில் வைத்து அதை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கோப்பி ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"அவளிடம் நீ கொஞ்சம் கடுமையாக இருக்கிறாயோ, மகேன்?"

இவர் என்னைச் சோதிக்கிறார், உன் ஆள் என்று விட்டுக்கொடுக்கிறாயா பார்ப்போம் என்று ஆழம் பார்க்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். "எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான்" என்றேன். டூரில் வழக்கம்போல் காத்திருந்தார். அன்று நான் உளறவில்லை. நன்றாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு அவர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினார். யார் மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.

கூட்டத்தில் 'ஆம்' என்று வாசித்தபோது எல்லோரும் மேசையில் தட்டினார்கள். ஆரணியும் தட்டினாள். அடுத்த நாள்தான் டூரில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வரும் பருவத்தில் முதல் பதினொரு பேரில் அவள் இல்லை, வாங்கில் இருந்துதான் தொடங்கவேண்டும் என்று சொன்னார். அதற்கு அடுத்த நாள் அவள் என் அறைக்கு வந்தாள். சட்டையைத் தோய்த்து, மினுக்கி, இலக்கம் மேலே தெரிய மடித்துக் கொண்டுவந்திருந்தாள். "மகேன், சட்டை" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பாலன் அதற்குப் பிறகு கோயிலில் கண்டால் வணக்கம் சொல்வார், சுகம் கேட்பார், இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார். கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பருவத்தில் கோல் மழை. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். மகேன் எழுதினால் எழுதினதுதான் என்று பெயர் வந்தது. ஸில்யே படிப்பு முடித்துப் போய்விட, நடுக்களத்துக்கு வேறொரு பிள்ளை வந்திருந்தாள் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. புதியவள் பந்தைத் தூக்கிக் கொடுத்தால், ஓடுகிறவளின் காலடியில் போய் விழும். ஆரணியின் இடத்தில் நின்ற பிள்ளை வெறுமனே காலை வைத்தாள், கோல் விழுந்தது. டூரில் மட்டும் என் முதுகில் தட்டவில்லை. நானும் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. மனிதனுக்கு யோசிக்காமல் இருக்கத் தெரியும். பன்னிரண்டு வருடம் எனக்கு அது நன்றாகவே வந்தது.

இந்த ஒக்டோபரின் தொடக்கத்தில் விக்னேஷ் என்னைக் கல்லூரிக்குக் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், கல்லூரியில் கணினிப் பகுதியில் வேலை, அணிக்கும் உதவி செய்கிறார். இந்த நாட்டில் பிரதமரையே பெயர் சொல்லிக் கூப்பிடலாம், விக்னேஷ் என்னை 'சார்' என்பார். நான் 'கதைப்பம்' என்றால் அவருக்குச் சிரிப்பு வரும், அவர் 'டவுட்' என்றால் எனக்கு வரும். நான் விட்டுவிட்டு வந்த பதினெட்டு வருடத்துத் தாள்களையும் பெட்டியோடு எடுத்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். இனிமேல் தாக்குதல் தேறுமா என்பதை அதுவே கணித்துச் சொல்லுமாம். சொல்லட்டும், எனக்கு அலுத்துவிட்டது.

"சார், ஒரு சின்ன டவுட். இந்த ஒரு சீசன்ல மட்டும் பதினொண்ணாம் நம்பருக்கு ஆரோவே இல்ல. மத்த எல்லாருக்கும் போட்டிருக்கீங்க. ஷீட் ஏதாவது மிஸ் ஆயிடுச்சா?"

தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் கண்ணாடியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தேடினேன். அது தலையில்தான் இருந்தது.

"இல்லை. தாள் எல்லாம் இருக்கு."

"அப்போ அவங்களுக்கு வந்த பாஸ் எல்லாமே கரெக்டாவா வந்துச்சு? முழு சீசன்லயும் ஒண்ணுகூடவா தப்பா வரல?"

விக்னேஷ் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன நிரப்புவது என்று தெரியாமல் கேட்டார். நான் தாள்களைப் பார்த்தேன். லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தின் தாளில் மழைச் சொட்டு காய்ந்த அடையாளம்கூட இருந்தது. மூன்று சிலுவை, மூன்றிலும் பதினொன்று. மூன்று முறையும் பந்து அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் வந்தது. அனுப்பியது ஸில்யே. எனக்கு அன்றே தெரியும், கண்ணால் கண்டவன் நான். அம்பு போட்டால் அது எட்டாம் இலக்கத்துக்குப் போகும். எல்லோருக்கும் பிடித்த அணித்தலைவியை விட்டுக்கொடுத்துத் தன் ஆளைக் காப்பாற்றுகிறான் என்பார்கள். அதனால் பென்சிலைத் தூக்கிவிட்டேன். ஒருமுறை தூக்கினது பருவம் முழுக்கப் பழகிவிட்டது. மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் நீதி செய்தேன், எங்கள் பிள்ளை என்ற ஒரே குற்றத்துக்காக இவளுக்கு மட்டும் செய்யவில்லை. அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகவே இருக்கிறது.

"என்னன்னு போடட்டும் சார்?"

"ஒண்டும் போடாதையுங்கோ. அந்த வருசத்தை விட்டிடுங்கோ."

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நகரத்திலிருந்து ஹொல்ம்லியாவுக்குப் போகிற ரயிலில் ஆரணி ஏறினாள். இப்போது தாதியாக வேலை, கலியாணம் முடித்து வேறிடத்தில் இருக்கிறாள், அம்மா அப்பாவைப் பார்க்க வருகிறாள். "மாமா, சுகமே? முழங்கால் எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டு எனக்கு எதிரே இருந்தாள். அடுத்த இரண்டு தரிப்பிடங்கள் வரைக்கும் முழங்காலைப் பற்றிக் கதைத்தோம். பிறகு நான் தாள்களைப் பற்றிச் சொன்னேன். அம்பு என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கத் தேவை இருக்கவில்லை.

"எட்டுக்கோ போயிருக்க வேணும்?" என்றாள்.

"ஓம்."

"ஏன் போடேல்லை?"

"எங்கட பிள்ளையெண்டு சலுகை குடுக்கிறன் எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு பயம்."

அவள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"எனக்கு விளையாடத் தெரியாதெண்டுதான் மாமா நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். அதுக்குப் பிறகு ஒரு இடத்திலையும் போய் விளையாடேல்லை. ஆஸ்பத்திரியிலை கூட வேலை செய்யிற ஆக்கள் சும்மா பந்தடிக்கக் கூப்பிட்டாலும் போகமாட்டன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் அதைச் சொல்வது கடினமாக இருந்தது, நோர்வேஜிய மொழியிலும் ஒருமுறை சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். ரயில் ஹவுக்கெத்தோவை விட்டு வெளிக்கிட்டபோது திரும்பவும் கேட்டாள்.

"அம்பு போட்டு, அடுத்த வருசமும் நான் நிண்டிருந்தா, அந்தக் கோலெல்லாம் நான் அடிச்சிருப்பனோ?"

ஓம், கட்டாயம் அடித்திருப்பாய் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பதினெட்டு வருடப் பழக்கம். நல்ல காலத்துக்கு நிறுத்திக்கொண்டேன்.

"அது தெரியாது பிள்ளை."

ஹொல்ம்லியா வருகிறது என்று அறிவித்தார்கள். ஆரணி எழும்பிப் பையைத் தோளில் போட்டாள். கதவடிக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, 'வெட் இக்கெ' எண்டு எழுதியிருக்கலாமே, மகேன்."

கதவு திறந்தது, இறங்கிப் போனாள். நானும் இறங்கவேண்டிய இடம் அதுதான். இறங்கவில்லை. அடுத்த தரிப்பிடமான ரோசன்ஹொல்ம் வரை அப்படியே இருந்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன்.